தலையணியும் தருணமும்

'எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம்' என்பது நம்மவர் வழங்கிவரும் முதுமொழி. உடம்பினுள் தலை பிரதானமாயின், உடையினுள் தலையணி பிரதானமாதல் இயல்பே. இடையில் உடுத்துவது மானத்தைக் காக்கிறது. காலில் அணிவது முள்ளினின்றும் கல்லினின்றும் காக்கிறது. தலையில் வைப்பதோ வெயிலையும் பனியையும் தடுப்பதோடு நில்லாது, வைத்தவன் யார், எந்நிகழ்ச்சிக்கு வந்திருக்கிறான், எதிரிலிருப்பாரை எங்ஙனம் மதிக்கிறான் என்பவற்றையெல்லாம் வாய் திறவாமலே உரைத்துவிடுகிறது.

இது தமிழர்க்குப் புதிய செய்தி அன்று. பனம்பூச் சூடியவன் சேரன் என்றும், ஆத்தி சூடியவன் சோழன் என்றும், வேம்பு சூடியவன் பாண்டியன் என்றும் நம் முன்னோர் தலையைக் கண்டே குடியை அறிந்தனர். புறப்பொருள் வெண்பாமாலை வகுக்கும் முறைப்படி, ஆநிரை கவரச் செல்வோன் வெட்சி சூடினான். அதனை மீட்கச் செல்வோன் கரந்தை சூடினான். மண்ணாசையால் படையெடுத்தவனுக்கு வஞ்சியும், மதிலை வளைத்தவனுக்கு உழிஞையும், உள்ளிருந்து காத்தவனுக்கு நொச்சியும், நேர்நின்று பொருதவனுக்குத் தும்பையும், வென்றவனுக்கு வாகையும் உரியவாயின. ஒரே வீரன்தான், தருணம் மாறுந்தோறும் தலையில் வைப்பது மாறிற்று. பிழையான பூவைச் சூடிப் போர்க்களம் புகுந்தவனைக் கண்டால் பகைவரினும் முன்னதாகத் தோழரே நகைத்திருப்பர் போலும்!

கல்லூரி ஆண்டுவிழாவோ, உறவினர் திருமணமோ, நேர்முகத் தேர்வோ நெருங்கும் நாள்களில் மாணவர் சிலர் நம்மை அணுகிக் கேட்கும் ஐயம் ஒன்றுண்டு. "ஐயா, தொப்பியோடு போகலாமா? கழற்றிவிட்டுப் போகவேண்டுமா? போகலாமென்றால் எந்தத் தொப்பி?" என்பர். இதற்கு ஒரு சொல்லில் விடையிறுத்தல் இயலாது. உலக வரலாற்றில் இவ்வினாவிற்காக நீதிமன்றங்கள் கூடியிருக்கின்றன. அரசுகள் ஒன்றோடொன்று பிணங்கியிருக்கின்றன. ஓரறிஞர் தூக்குமேடையும் ஏறியிருக்கிறார். ஆதலின் சற்று விரிவாகவே காண்போம்.

இருவேறு மரபுகள்

முதற்கண் மனத்திற்கொள்ள வேண்டுவது ஒன்று. ஐரோப்பியர்க்குத் தலையணியை நீக்குதல் மரியாதை. கீழைநாட்டார்க்குத் தலையை மூடியிருத்தல் மரியாதை. நாம் பெரியவர் முன்னே செருப்பைக் கழற்றுகிறோம்; அவர்கள் தொப்பியைக் கழற்றுகிறார்கள். நம் பெரியவர் தலைப்பாகையின்றி வெளிவாசலுக்கு வருவதற்கே கூசினர்; அவர்களோ வீட்டினுள் தொப்பியோடு இருப்பவனைப் பண்பறியாதவன் என்பர். இவ்விரு மரபும் தம்முள் முரணியவை. எனினும் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பதற்கில்லை.

மேலைநாட்டு ஒழுக்கம் மிக நுட்பமானது. தேவாலயத்தினுள் ஆடவர் தலை திறந்திருத்தல் வேண்டும். பிறர் வீட்டிலும், உணவு மேசையிலும், நாட்டுப்பண் இசைக்கும்போதும் தொப்பியை நீக்குதல் வேண்டும். தெருவில் அறிமுகமான பெண்மணி எதிர்ப்பட்டால் சற்றே உயர்த்திப் பின் வைத்தல் வேண்டும். கையில் பிடிக்கும்போது உட்புறத் துணி பிறர் கண்ணிற் படாதவாறு பிடித்தல் நன்று என்பர். சீருடை அணிந்த படைவீரர்க்கு மட்டும் இவற்றுட் பலவற்றிலிருந்து விலக்குண்டு. அவர்கள் வணக்கம் செலுத்தும் முறை வேறு.

இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் வழக்கம் ஒன்று நகைப்பிற்குரியது. மக்களவையில் வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போது உறுப்பினர் ஒருவர் ஒழுங்குப் பிரச்சினை எழுப்ப விரும்பின், அமர்ந்தபடியே, தலையில் தொப்பி அணிந்துகொண்டுதான் பேசவேண்டும் என்றிருந்தது. தொப்பி அணியும் வழக்கமே ஒழிந்த பின்னரும், இதற்கென்றே மடக்குத் தொப்பி அவையில் வைக்கப்பட்டிருந்தது. 1998-ஆம் ஆண்டில்தான் இவ்வழக்கம் கைவிடப்பட்டது.

நகைப்பிற்கு இடந்தராத நிகழ்ச்சியும் அந்நாட்டில் உண்டு. இறைவனைத் தொழும்போதன்றி மனிதர் எவர் முன்னும் தொப்பியை நீக்கோம் என்பது குவேக்கர் என்னும் சமயப் பிரிவினரின் கொள்கை. 1670-ஆம் ஆண்டில் அப்பிரிவினரான வில்லியம் பென், வில்லியம் மீட் என்னும் இருவரை லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் நிறுத்தினர். அவர்கள் அன்று தலையில் தொப்பியின்றியே நின்றனர். நீதிபதிகளின் ஆணைப்படி அலுவலர் ஒருவர் அவர்கள் தலையில் தொப்பியை வைத்தார். பின்னர், "நீதிமன்றத்தில் தொப்பியை ஏன் நீக்கவில்லை?" என்று கேட்டு, அவமதிப்புக் குற்றத்திற்காக ஆளுக்கு 40 மார்க் அபராதம் விதித்தனர்! வைத்தவர் தொப்பியைக் கேட்கவில்லை. வைக்கப்பட்டவரே தண்டம் கட்ட நேர்ந்தது. மரியாதை கேட்பாரின் நோக்கம் எப்போதும் மரியாதையாகவே இருப்பதில்லை என்பதை இவ்வழக்கு காட்டும்.

மேலைத் தொப்பிகளும் அவற்றிற்குரிய வேளைகளும்

மேலைநாட்டுத் தொப்பிகளை நாம் பெரும்பாலும் திரைப்படங்களில்தான் கண்டிருக்கிறோம். எனினும் அவற்றின் வேறுபாடுகளை அறிந்திருத்தல், ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்க்கேனும் உதவும்.

உருளை போன்று உயர்ந்து, பட்டின் பளபளப்போடு விளங்குவது 'டாப் ஹாட்'. அரச விழாவிற்கும், பெருந்திருமணத்திற்கும், மாலை நேர முழுமுறை உடைக்கும் உரியது. இங்கிலாந்தின் ராயல் அஸ்காட் குதிரைப் பந்தயத்தில் அரச வளாகத்தினுள் நுழையும் ஆடவர் இன்றும் இதனை அணிந்தே செல்லவேண்டும். கவிழ்த்த கிண்ணம் போன்று உருண்டிருக்கும் 'பௌலர்' நமக்குச் சார்லி சாப்ளினின் தலையால் அறிமுகமானது. இது 1849-இல் வேட்டைக்காடு காப்போருக்காகச் செய்யப்பெற்றது. மரக்கிளை தட்டினாலும் விழாத கெட்டித் தொப்பி வேண்டுமென்று லண்டன் லாக் நிறுவனத்தாரிடம் எட்வர்டு கோக் என்பார் சொல்லிச் செய்வித்தாராம். கொண்டுவந்ததும் தரையில் வைத்துக் காலால் மிதித்துப் பார்த்தே வாங்கினாராம். காட்டில் பிறந்த அத்தொப்பி, பின்னாளில் லண்டன் வங்கி அலுவலரின் அடையாளமாயிற்று.

நடுவில் பள்ளம் விழுந்த 'ஹாம்பர்க்' செருமானிய ஊரொன்றின் பெயரைத் தாங்கியது. அங்கிருந்து அதனைக் கொணர்ந்து இங்கிலாந்தில் பரப்பியவர் பின்னாளில் ஏழாம் எட்வர்டாக முடிசூடியவர். 'ஃபெடோரா' என்பது 1882-இல் பாரிசில் அரங்கேறிய நாடகமொன்றின் தலைவியின் பெயர். பெண்ணின் பெயரால் அமைந்த அத்தொப்பியைத்தான் அமெரிக்கத் துப்பறியும் படங்களில் முரட்டு ஆடவர் நெற்றி மறைய அணிந்து வருகின்றனர். 'பனாமா' என வழங்குவதோ பனாமா நாட்டினது அன்று. ஈக்குவடார் நாட்டில் தோக்கிலா என்னும் செடியின் நாரால் பின்னப்படுவது. 2012-இல் அதன் பின்னற்கலையை யுனெஸ்கோ நிறுவனம் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

நார்த்தொப்பி கோடைக்கும், உரோமத்தை நீராவியிட்டு அழுத்திச் செய்யும் 'ஃபெல்ட்' தொப்பி குளிர்காலத்திற்கும் உரியன என்பது அங்கே எழுதாச் சட்டம். நியூயார்க் நகரில் செப்டம்பர் 15-க்குப் பின் நார்த்தொப்பி அணிவோரை இளைஞர் எள்ளி நகையாடுதல் அக்கால வழக்கமாயிருந்தது. 1922-ஆம் ஆண்டில் அந்நாள் வருவதற்கு முன்னரே சிலர் தெருவில் சென்றோரின் தொப்பிகளைப் பறித்து மிதிக்கத் தொடங்கினர்; அது சில நாள்கள் நீடித்த கலவரமாயிற்று. நாகரிகத்தின் பெயரால் அநாகரிகம் நிகழ்வது எந்நாட்டிலும் உண்டு.

இத்தொப்பிகளைச் செய்தோரின் துயரையும் ஒரு சொல்லேனும் சொல்லாது செல்லல் தகாது. உரோமத்தைப் பதப்படுத்தப் பாதரச உப்பைப் பயன்படுத்தினர். அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்க்குக் கைநடுக்கமும் மனத்தடுமாற்றமும் உண்டாயின. அமெரிக்காவில் 1941-இல்தான் தொப்பித் தொழிலில் பாதரசம் நிறுத்தப்பட்டது.

நம் நாட்டில் ஆங்கிலேயர் அணிந்த 'சோலா' தொப்பியைப் பற்றி ஒரு குறிப்பு. சூரியனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அதன் பெயர் என்று கற்றோரும் கருதுவர், அது பிழை. 'ஷோலா' என்பது நீர்நிலைகளில் வளரும் செடியின் வடபுலப் பெயர். தமிழில் அதுவே நெட்டி. தஞ்சைக் கைவினைஞர் கோயிற் கோபுரங்களையும் பூக்களையும் செதுக்கும் அதே நெட்டிதான் வெள்ளைக்கார கலெக்டரின் தலையிலும் அமர்ந்திருந்தது!

துருக்கித் தொப்பியின் கதை

நம் சமுதாயப் பெரியவர் பலரின் பழைய நிழற்படங்களில், கருங்குஞ்சம் தொங்கும் செந்நிறத் தொப்பியைக் காண்கிறோம். கீரனூர் ஜாகிர்ராஜாவின் புதினமொன்றுக்குப் பெயராகவும் அமைந்த துருக்கித் தொப்பி அது. மொராக்கோ நாட்டு ஃபெஸ் நகரின் பெயரால் ஃபெஸ் எனவும், எகிப்தில் தர்பூஷ் எனவும், ஐதராபாத்தில் ரூமி டோப்பி எனவும் வழங்கும். தொப்பியைத் தேர்வதும் அணிவதும் எத்துணைப் பெரிய செய்தி என்பதை அறிய இதன் வரலாறு ஒன்றே போதும்.

உதுமானியப் பேரரசில் பண்டு தலைப்பாகையே தலையணி. அதன் அளவும், மடிப்பும், சுற்றும் முறையும் அவரவர் பதவியைக் காட்டின. மாண்டார் கல்லறைக் கல்லின் உச்சியிலும் அவர் அணிந்த தலைப்பாகையையே கல்லில் செதுக்கி வைத்தனர். இஸ்தான்பூலின் பழைய அடக்கத்தலங்களில் இன்றும் அவற்றைக் காணலாம். சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1826-இல் பழைய ஜானிசரிப் படையைக் கலைத்துப் புதிய படை அமைத்தார். 1829-இல் அலுவலர் யாவரும் தலைப்பாகையை நீக்கி ஃபெஸ் அணியவேண்டும் என்று ஆணையிட்டார். முஸ்லிம், கிறித்தவர், யூதர் என்னும் வேறுபாடின்றி அரசு அலுவலர்க்கெல்லாம் ஒரே தலையணி. ஐரோப்பியத் தொப்பியை ஏற்காது இதனை ஏற்றதற்குத் தக்க காரணமும் உண்டு. விளிம்புள்ள தொப்பியோடு சுஜூது செய்தல் இயலாது. நெற்றி நிலத்தைத் தொடாது. ஃபெஸ்ஸிற்கு விளிம்பில்லை.

இன்று பழம்பெரும் மரபாகத் தோன்றும் ஃபெஸ், அன்று புதுமையாயிருந்தது. அதனால் எதிர்ப்பையும் கண்டது என்பது கருதத்தக்கது. துனிசியாவிலிருந்து ஏராளமாக வருவித்தனர். பின்னர் 1830-களில் இஸ்தான்பூலிலேயே ஃபெஸ்கானே என்னும் ஆலையை நிறுவினர். கம்பளி நூலால் பெரிய பைபோலப் பின்னி, வெந்நீரிலும் சவர்க்காரத்திலும் மிதித்துச் சுருக்கி, செஞ்சாயம் ஏற்றி, அச்சில் வைத்து அழுத்துவது அதன் செய்முறை. காலப்போக்கில் ஆஸ்திரியப் பேரரசின் ஆலைகளே மலிவாகச் செய்து அனுப்பத் தொடங்கின. 1908-இல் ஆஸ்திரியா பொஸ்னியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டதும், வெகுண்ட உதுமானிய மக்கள் ஆஸ்திரியப் பொருள்களைப் புறக்கணித்தனர். தம் தலையிலிருந்த ஃபெஸ்ஸே ஆஸ்திரியாவினது என்று உணர்ந்து, அதனைத் தெருவில் எறிந்து, வெண்ணிறத் தொப்பியும் ஆட்டுத்தோல் தொப்பியும் அணிந்தோர் பலர்.

இனி, நமக்கு அண்மையிலுள்ள இலங்கைக்கு வருவோம். ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட எகிப்தியத் தலைவர் உராபி பாஷா, 1883-இல் கொழும்பிற்கு நாடு கடத்தப்பட்டார். 1901 வரை அத்தீவிலேயே வாழ்ந்தார். 1892-இல் ஸாஹிரா கல்லூரி தோன்றத் துணைநின்றோருள் அவரும் ஒருவர். கால்சட்டை, மேற்சட்டையோடு செந்நிற ஃபெஸ் அணிந்த அவர் தோற்றம், தமிழ் பேசும் இலங்கை முஸ்லிம்களைக் கவர்ந்தது. புதுக்கல்வி கற்றாலும் தன் அடையாளத்தை இழக்க வேண்டுவதில்லை என்பதற்கு அத்தொப்பி சான்றாய் நின்றது.

1905-ஆம் ஆண்டில் எம்.சி. அப்துல் காதர் என்னும் வழக்கறிஞர் ஃபெஸ் அணிந்து கொழும்பு உயர்மன்றத்தில் வாதாட எழுந்தபோது, தலைமை நீதிபதி லேயார்டு அதனை ஏற்கவில்லை. மேலே நாம் கூறிய இருவேறு மரபுகளும் நேருக்குநேர் மோதிய இடம் இது. நீதிபதியின் கண்ணுக்கு, மூடிய தலை அவமதிப்பு. வழக்கறிஞரின் உள்ளத்தில், திறந்த தலையே அவமதிப்பு. இருவரும் மரியாதை என்னும் ஒரே சொல்லையே கருதினர், பொருள்தான் எதிரெதிர். 1905 டிசம்பர் 31 அன்று மருதானைப் பள்ளிவாசல் வளாகத்தில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடினர். அரசருக்கு முறையீடு சென்றது. பின்னர்த் தடையும் நீங்கியது. அவர்கள் கல்லெறியவில்லை; கடையடைத்துக் கலகம் செய்யவும் இல்லை. கூடினர், எழுதினர், காத்திருந்தனர், பெற்றனர். ஒரு சாண் உயரமுள்ள தொப்பியின் பொருட்டுத் திரண்ட அக்கூட்டம், இலங்கை முஸ்லிம்களின் பொதுவாழ்விற்கே ஒரு தொடக்கமாயிற்று என்று வரலாற்றாசிரியர் கூறுவர்.

கொழும்பில் ஃபெஸ்ஸை நீக்கச் சொன்னவர் அந்நிய ஆட்சியின் நீதிபதி. இருபதாண்டுகள் கழிந்து, அது வளர்ந்த மண்ணிலேயே அதனை நீக்கச் சொன்னவர் அந்நாட்டுத் தலைவர். 1925 ஆகஸ்டில் முஸ்தபா கமால், கையில் பனாமாத் தொப்பியோடு கஸ்தமோனு வட்டாரத்தில் சுற்றுப்பயணம் செய்து, இதுவே நாகரிக மக்களின் தலையணி என்று பேசினார். அவ்வாண்டு நவம்பர் 25-இல் 671-ஆம் எண் சட்டம் நிறைவேறிற்று. நாடாளுமன்ற உறுப்பினரும் அலுவலரும் மேலைத் தொப்பியே அணியவேண்டும். மக்களும் அதற்கு மாறான வழக்கத்தைத் தொடரலாகாது. எதிர்த்த ஊர்களில் தண்டனைகள் கடுமையாயிருந்தன. மேலைநாட்டாரைப் போலச் செய்தலையும் தொப்பியையும் பற்றி, சட்டம் வருவதற்கு முன்னரே 1924-இல் சிறுநூல் எழுதிய இஸ்கிலிப்லி ஆத்திப் ஹோஜா என்னும் மார்க்க அறிஞர், 1926 பிப்ரவரி 4-ஆம் நாள் அங்காராவில் தூக்கிலிடப்பட்டார்.

எளிய மக்களோ தமக்கே உரிய வழியைக் கண்டனர். முன்புறம் மட்டும் விளிம்புள்ள தட்டைத் தொப்பியை வாங்கினர். தொழுகை நேரம் வந்ததும் விளிம்பைப் பின்புறமாகத் திருப்பிக்கொண்டு சுஜூது செய்தனர். சட்டமும் நிறைவேறியது, கடமையும் நிறைவேறியது.

மஹ்மூதும் ஆணையிட்டார், முஸ்தபா கமாலும் ஆணையிட்டார். 1829-இல் புதுமையென வெறுக்கப்பட்டது 1925-இல் மரபெனக் காக்கப்பட்டது. தலைப்பாகையோ, ஃபெஸ்ஸோ, பனாமாவோ தன்னளவில் குற்றம் செய்யவில்லை. பிறன் தலையில் எது இருக்கவேண்டும் என்று ஆட்சி முடிவு செய்யப் புகும்போதுதான் இன்னல் பிறக்கிறது என்பது நம் கருத்து. அச்சட்டம் துருக்கியின் 1982-ஆம் ஆண்டு அரசியலமைப்பிலும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. தெருவில் அதனை நினைப்பார்தாம் அரியர்.

எகிப்தில் கதை வேறு. 1931-இல் அஹ்மத் ஹுசைன் என்னும் மாணவர் முன்னின்று, ஆளுக்கொரு குருஷ் காசு திரட்டி உள்நாட்டிலேயே தர்பூஷ் ஆலை நிறுவ இயக்கம் கண்டார். மாணவர் தெருத்தெருவாய்ச் சென்று காசு திரட்டினர், ஆலையும் எழுந்தது. 1932 அக்டோபர் 29-இல் அங்காராவில் நடந்த குடியரசு நாள் விருந்தில், எகிப்தியத் தூதர் அணிந்திருந்த தர்பூஷை நீக்குமாறு கூறப்பட்டதால் இரு நாடுகளுக்கும் இடையே கசப்பு உண்டாயிற்று. விருந்தினன் தலையணியில் கைவைத்தல் விருந்தோம்பல் ஆகுமோ? எனினும் 1952-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் எகிப்தில் அது வழக்கொழிந்தது. இன்று அல்-அஸ்ஹர் ஆலிம்கள் வெண்துணி சுற்றி அதனை அணிகின்றனர்.

நம்மவர் தலையில்

நம் பெரியோரிடம் தலைப்பாகை, உருமால், முண்டாசு என்னும் வேறுபாடு இருந்தது. வெயிலுக்கும் சுமைக்கும் சுற்றுவது முண்டாசு. அவைக்குச் செல்லச் சீர்பெறக் கட்டுவது தலைப்பாகை. பாரசீகத்தின் 'குலாஹ்' நம்மிடம் குல்லாவாயிற்று. 'குல்லா போடுதல்' என்றால் ஒருவரை முகமன் கூறி மயக்குதல் என்று பொருள் வந்தது எவ்வாறோ! வடபுலத்து டோப்பி தமிழில் தொப்பியாகி, மலாய் மொழியில் 'தோப்பி' என வழங்குகிறது.

தொழுகைக்கு வெண்ணிறத் துணித்தொப்பியோ பின்னல் தொப்பியோ போதும்; சுஜூதில் நழுவாது, நெற்றியை மறைக்காது இருத்தலே முதற்றேவை. காசர்கோட்டுத் தளங்கரையில் கையால் நுணுகித் தைத்த தொப்பிகள் ஒரு காலத்தில் கடல் கடந்தும் சென்றன. மலாய் நாடுகளின் கருநிற வெல்வெட்டுச் சொங்கோக், பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழ் முஸ்லிம்கள் அறிந்தது. அங்கே திருமணத்திற்கும் அரசு விழாவிற்கும் அதுவே உரியது. இந்தோனேசியாவில் சுகர்ணோ அதனை விடுதலை இயக்கத்தின் சின்னமாக்கினார்.

ஷெர்வானிக்கு ஏற்றது கரக்குல் ஆட்டுக்குட்டியின் சுருள் உரோமத் தொப்பி. 1937-இல் லக்னோ மாநாட்டில் ஜின்னா அணிந்தபின் அவர் பெயராலேயே அது வழங்கலாயிற்று. மௌலானா அபுல் கலாம் ஆசாத்தின் உயர்ந்த தொப்பியும் அவ்வினத்தைச் சார்ந்ததாகவே படங்களில் தோன்றுகிறது. அரசியலில் இருவரும் இருதுருவம். தலையணியில் அண்டை வீட்டார். வெண்கதர்க் காந்தித் தொப்பியையோ காந்தியடிகள் சில காலமே அணிந்தார். அவர் நீக்கிய பின்னரும் நேரு உள்ளிட்டோர் தலையில் அது நிலைத்தது.

நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் மாணவர்க்கு நாம் சொல்வது இது. வழக்கமாக அணிபவராயின் அணிந்தே செல்க. தூய்மையான, அலங்காரமற்ற, அளவான தொப்பியாக இருக்கட்டும். வாயில்வரை அணிந்து, கதவருகே மடித்துச் சட்டைப்பையில் திணித்து, வெளியே வந்ததும் மீண்டும் அணிதல் எம்மரபிலும் மரியாதை ஆகாது. வழக்கமாக அணியாதவர் அன்றொரு நாள் அணிந்து சென்று அடிக்கடி தொட்டுச் சரிசெய்து கொண்டிருத்தலும் நன்றன்று. கடவுச்சீட்டுப் படத்திற்குச் சமயக் காரணத்தால் அணியும் தலையணி அனுமதிக்கப்படுகிறது. முகம் முழுதும் தெளிவாகத் தெரிதல் வேண்டும். விளையாட்டுத் திடலின் முன்விளிம்புத் தொப்பியோ வேறு இனம். வகுப்பறையிலும், நாட்டுப்பண் இசைக்கும்போதும் அதனை நீக்குக. இருசக்கர வண்டியில் ஏறும்போது தலைக்கவசத்தின் முன் மற்றெல்லாத் தொப்பியும் வழிவிடல் வேண்டும்; தலைப்பாகை அணிந்த சீக்கியர்க்கு மட்டுமே சட்டம் விலக்களித்திருக்கிறது. அதைத் தொழுகைத் தொப்பிக்கும் நீட்டிக்கொள்ளும் இளைஞரைக் காணும்போது நமக்கு வருத்தமே உண்டாகிறது.

சுற்றுலா செல்வோர் அயலார் வழிபாட்டிடங்களின் மரபை முன்னரே கேட்டறிதல் நலம். குருத்துவாராவில் எவராயினும் தலையை மூடியே நுழைதல் வேண்டும், கைக்குட்டையேனும் கட்டிக்கொள்ளலாம். யூதர் தம் தொழுகைக்கூடத்தில் தலை மூடியிருப்பர். தேவாலயத்திலோ ஆடவர் தலை திறந்திருப்பர். ஒரே நாளில் மூன்றையும் காணச் செல்பவன் மூன்று முறை மாறவேண்டியிருக்கும். அதில் அவனுக்கு இழுக்கொன்றும் இல்லை.

நம் மார்க்கத்திலேயே இதற்கோர் ஒப்பற்ற சான்று உள்ளது. ஐவேளைத் தொழுகைக்குத் தலையை மூடுவதை விரும்பத்தக்கதெனக் கொள்ளும் நாம், வாழ்நாளின் பெருங்கடமையாகிய ஹஜ்ஜிற்கு இஹ்ராம் அணிந்ததும் தலையைத் திறந்துவிடுகிறோம். தலைப்பாகை, தொப்பி, துணி எதுவும் ஆடவர் தலையை மூடலாகாது. வெயிலுக்குக் குடை பிடிக்கலாம், அவ்வளவே. ஆலிமும், அமைச்சரும், அங்காடிச் சுமைகாரரும் அங்கே வெறுந்தலையரே. தலைப்பாகையின் மடிப்பாலும் ஃபெஸ்ஸின் குஞ்சத்தாலும் ஒருவரை அறிந்துவந்த கண்களுக்கு, அம்மைதானத்தில் அடையாளம் ஒன்றும் அகப்படுவதில்லை.

தேர்ந்து அணிதல்

தொப்பி வாங்கச் செல்லுமுன் தலையை அளத்தல் வேண்டும். நெற்றியின் நடுவிலும், காதுக்கு மேல் ஒரு விரலளவு உயரத்திலும், பின்தலையின் புடைப்பிலும் படுமாறு நாடாவைச் சுற்றுக; இறுக்க வேண்டா. வளர்ந்த ஆடவர்க்குப் பெரும்பாலும் 55 முதல் 60 செ.மீ. வரை வரும். கெட்டித் தொப்பியாயின் ஒரு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். இறுகினால் தலைவலி, நெகிழ்ந்தால் காற்றில் பறத்தல். பின்னல் தொப்பி துவைக்கத் துவைக்க நெகிழும். ஆதலின் முதலில் சற்றே இறுக்கமாக வாங்குதல் நன்று.

நீண்ட முகத்தார்க்கு உயர்ந்த தொப்பி முகத்தை மேலும் நீட்டிக் காட்டும். வட்ட முகத்தார்க்கு அதுவே பொலிவு தரும். நம் வெப்பநாட்டில் பருத்தியே சிறந்தது. செயற்கை இழையாலான மலிவுத் தொப்பிகள் வியர்வையை உறிஞ்சா. மாலைக்குள் நெற்றியில் சிவந்த வரி ஒன்றை விட்டுச் செல்லும். வெல்வெட்டுத் தொப்பியை நீரில் நனைத்தலாகாது. உள்ளிருக்கும் அட்டை ஊறி வடிவம் கெடும். மென்மையான தூரிகையால் ஒரே திசையில் தூசு தட்டுதல் போதும். உரோமத் தொப்பிக்கு ஈரமும் அந்துப்பூச்சியும் பகை. விளிம்புள்ள தொப்பியை மேசையில் வைக்கும்போது கவிழ்த்து வைக்காது மல்லாத்தி வைத்தால் விளிம்பு வளையாது.

கெய்ரோவின் கூரிய்யாத் தெருவில் தர்பூஷ் செய்வோரின் பழைய பட்டறையில், வெவ்வேறு தலையளவிற்கான பித்தளை அச்சுகள் வரிசையாக நிற்கும். நனைந்த தொப்பியைச் சூடான அச்சில் மாட்டி, மேலச்சை இறக்கி அழுத்துவர். வெண்தொப்பிக்கு அவ்வளவு கருவி வேண்டா. துவைத்தபின் மென்கஞ்சியில் தோய்த்துப் பிழிந்து, தலையளவிற்கு ஏற்ற செம்பையோ எவர்சில்வர் டப்பாவையோ கவிழ்த்து, அதன்மேல் சுருக்கம் நீவி மாட்டி, நிழலில் உலர விடுக. வெள்ளிக்கிழமைக் காலையில் பல வீடுகளின் திண்ணையில் அவ்வாறு வெண்தொப்பி அணிந்த செம்புகள் வரிசையாக அமர்ந்திருந்ததை நம் மூத்த தலைமுறையினர் நினைவுகூர்வர்.